சுண்ணாம்புக்கல் அடுக்குகளுக்கிடையே காணாமற்போன காலம்: கிராண்ட் கேன்யனை முன்வைத்து ஒரு விவாதம்

தாழைமேடு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலுள்ள கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் பாறை வரிசையைச் சில வாரங்களாகப் படித்து வருகிறேன். அங்கே கேம்பிரியன் காலத்து மூவாவ் சுண்ணாம்புக்கல்லின் மேல் மிசிசிப்பியன் காலத்து ரெட்வால் சுண்ணாம்புக்கல் அமர்ந்திருக்கிறது. கீழே இருப்பதன் வயது ஏறத்தாழ 50 கோடி ஆண்டுகள். மேலே இருப்பதன் வயது ஏறத்தாழ 34 கோடி ஆண்டுகள். இடைப்பட்ட ஓர்டோவிசியன், சைலூரியன் ஆகிய காலங்களின் பாறை அங்கே இல்லை என்றும், டெவோனியன் காலத்துக்கு மட்டும் டெம்பிள் பியூட் என்னும் படிவு சில இடங்களில் உள்ளது என்றும் படித்தேன். ஆனால் ஒளிப்படங்களைப் பார்த்தால், மூவாவும் ரெட்வாலும் சாய்வோ மடிப்போ இன்றி இணையாகவே கிடக்கின்றன. ஏறக்குறைய 16 கோடி ஆண்டுகள் ஒரே ஒரு கோட்டுக்குள் அடங்கியிருக்கின்றன என்பதை எந்தச் சான்றைக் கொண்டு ஏற்பது? விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பாறைத்தச்சன் எழுதியது:

நல்ல கேள்வி. சாய்ந்த அடுக்குகளின் மேல் கிடையான அடுக்குகள் அமர்ந்திருந்தால் இடைவெளியை யாரும் எளிதில் கண்டுகொள்வர். இணையாகக் கிடக்கும் இரண்டு சுண்ணாம்புக்கற்களுக்கு இடையே இருக்கும் இடைவெளிதான் தேர்ந்த கண்ணையும் ஏமாற்றும். அங்கே முதல் சான்று உயிரெச்சங்களே. மூவாவில் கேம்பிரியன் காலத்துக்கே உரிய டிரைலோபைட்டுகள் (அழிந்துபோன ஓடுடைய கணுக்காலிக் கடலுயிர்கள்) கிடைக்கின்றன. ரெட்வாலில் கிடைக்கும் கோனோடான்ட் என்னும் அழிந்துபோன கடலுயிர்களின் நுண்பற்கள், பவளங்கள், சிப்பி போன்ற ஓடுடைய பிராக்கியோபாடுகள் அனைத்தும் மிசிசிப்பியன் காலத்தவை. உலகின் பிற பகுதிகளில் இவ்விரண்டு உயிர்த்தொகுதிகளுக்கும் நடுவே ஆயிரக்கணக்கான மீட்டர் பாறையும், அதில் வரிசையாக மாறிச்செல்லும் பல உயிர்த்தொகுதிகளும் உள்ளன. கிராண்ட் கேன்யனில் அந்த நடுப்பகுதி முழுவதும் இல்லை.

இரண்டாவது சான்று டெம்பிள் பியூட்டே. பள்ளத்தாக்கின் கிழக்குப் பகுதியில் இது தொடர்ந்த அடுக்காக இல்லை; மூவாவின் மேற்பரப்பில் அரித்துச் செதுக்கப்பட்ட கால்வாய்களை நிரப்பிய வில்லைகளாக மட்டுமே உள்ளது. அவற்றுள் ஆழமானவை ஏறத்தாழ 30 மீட்டர் இருக்கும். மேற்கே போகப் போக அதுவே தொடர்ந்த படிவாகி நூறு மீட்டருக்கும் மேல் தடிக்கிறது. ஊதா கலந்த நிறமுடைய இந்த டோலமைட்டில் (மக்னீசியம் கலந்த சுண்ணாம்புப் பாறை) டெவோனியன் காலத்து மீன்களின் கவசத் தகடுகள் கிடைத்துள்ளன. கால்வாய் வெட்டப்பட வேண்டுமானால் மூவாவ் முதலில் இறுகிப் பாறையாகியிருக்க வேண்டும், பிறகு கடலுக்கு வெளியே தலைகாட்டியிருக்க வேண்டும், பிறகு ஓடும் நீர் அதை அறுத்திருக்க வேண்டும். இரண்டு கால்வாய்களுக்கு இடைப்பட்ட மேட்டில் மட்டும் நின்று பார்ப்பவருக்கு ரெட்வால் நேராக மூவாவின் மேல் அமர்ந்திருப்பதாகவே தோன்றும். தாங்கள் பார்த்த ஒளிப்படங்களில் பல அத்தகைய இடங்களைச் சேர்ந்தவையாக இருக்கலாம்.

ஐயப்பாடு எழுதியது:

பாறைத்தச்சன் அவர்களின் விளக்கத்தை மதிக்கிறேன். ஆயினும் ஓர் இடறல் எஞ்சுகிறது. 16 கோடி ஆண்டுகள் ஒரு நிலப்பரப்பு மழையிலும் வெயிலிலும் கிடந்தால் மலை மடுவாக வேண்டும். மண் படிய வேண்டும். உடைந்த கற்கள் குவிய வேண்டும். வெறும் 30 மீட்டர் கால்வாய்கள் சில மட்டும் அதற்கு ஈடாகுமா? அத்தனை கோடி ஆண்டுகளின் அரிப்பு இவ்வளவு தட்டையான மேற்பரப்பையா விட்டுச்செல்லும்? இடைவெளியே இல்லை என்று நான் வாதிடவில்லை. ஆனால் அளவுக்கும் அடையாளத்துக்கும் பொருத்தம் காணவில்லை.

நெய்தல்நிலா எழுதியது:

ஐயப்பாடு அவர்களே, தாங்கள் எதிர்பார்க்கும் இடிபாடு கருங்கல்லுக்கும் மணற்கல்லுக்கும் பொருந்தும்; சுண்ணாம்புக்கல்லுக்குப் பொருந்தாது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை ஏற்று மென்மையான அமிலமாகிறது. அது கருங்கல்லைச் சிதைத்து மணலாகவும் களிமண்ணாகவும் ஆக்கும். சுண்ணாம்புக்கல்லையோ கரைத்தே எடுத்துச் சென்றுவிடும். தூய சுண்ணாம்புக்கல்லில் கரையாத பொருள் சில விழுக்காடுதான் இருக்கும். அப்படியானால் பல மீட்டர் பாறை மறைந்த பின்னும் எஞ்சுவது சில அங்குலச் செம்மண்ணே. அடுத்து ஏறிவரும் கடலின் அலைகள் அதையும் கழுவிவிட்டால், புதிய சுண்ணாம்புச் சேறு பழைய பாறையின்மேல் நேரடியாகப் படிந்துவிடும். கார்பனேட் பாறை, அதாவது சுண்ணாம்புக்கல்லும் டோலமைட்டும், தன் இழப்பின் தடயத்தைத் தானே அழித்துவிடுகிறது என்பதை ஏற்றுக்கொண்டால், தாங்கள் கூறும் பொருத்தமின்மை பெருமளவு நீங்கும் என்பது என் கருத்து.

மற்றொன்று, அது மலை எழும்பிய இடமும் அன்று. வட அமெரிக்காவின் உறுதியான கண்டத் திட்டின் ஓரப்பகுதி அது. கடல்மட்டத்தை விடச் சற்றே உயர்ந்த சமவெளியில் ஆறு எவ்வளவு காலம் ஓடினாலும் கடல்மட்டத்துக்குக் கீழே அறுக்க இயலாது. காலத்தை எவ்வளவு கூட்டினாலும் பள்ளத்தின் ஆழம் கூடாது. மேலும், 16 கோடி ஆண்டுகளும் அது நிலமாகவே இருந்தது என்று யாரும் சொல்லவில்லை. இடையில் கடல் பலமுறை வந்து படிவித்துப் போயிருக்கலாம். அந்தப் படிவுகள் பின்னர் அரிக்கப்பட்டிருக்கலாம். டெவோனியன் கடல் வந்து போனதற்குச் சான்று கையிலேயே இருக்கிறது.

ஒப்பீட்டுக்கு ரெட்வாலின் மேற்பரப்பைப் பாருங்கள். அங்கும் கடல் விலகியது; ஆனால் இம்முறை நிலம் கூடுதலாக உயர்ந்து நின்றது. விளைவாக ரெட்வாலில் குகைகளும் பள்ளத்தாக்குகளும் உருவாயின. சில பள்ளத்தாக்குகள் ஏறத்தாழ 120 மீட்டர் ஆழம் வரை போகின்றன. அவற்றை நிரப்பிய சர்ப்ரைஸ் கேன்யன் படிவு வெகுகாலம் தனியாக அடையாளம் காணப்படாமலேயே இருந்து, 1985-இல்தான் முறையாகப் பெயரிடப்பட்டது. நெட்டுக்குத்தான பாறை முகங்களில் ஆங்காங்கே தனித்தனி வில்லைகளாக அது தொங்குவதால், ஆய்வாளர்கள் பல இடங்களை உலங்கூர்தியில்தான் சென்றடைந்தனர். வியப்பு என்னவென்றால், இந்த இடைவெளியின் கால அளவு கீழே உள்ளதைவிட மிகக் குறைவு. மேடுபள்ளமோ நான்கு மடங்கு. ஆகவே அரிப்பின் ஆழத்தைக் கொண்டு காலத்தின் நீளத்தை அளக்க முனைவது வீண்.

ஐயப்பாடு எழுதியது:

கரைந்துபோதல் பற்றிய விளக்கம் ஏற்கத்தக்கதாக உள்ளது. அப்படியானால் மூவாவுக்கு மேலுள்ள ஒரு கோட்டோடு சிக்கல் முடிகிறதா, அல்லது ரெட்வாலுக்குள்ளேயே உள்ள ஒவ்வொரு அடுக்குப் பிரிவையும் சந்தேகிக்க வேண்டுமா?

அலைவாய் எழுதியது:

சந்தேகிக்கத்தான் வேண்டும். எட்வின் மக்கீயும் ரேமண்ட் குட்ஷிக்கும் 1969-இல் வெளியிட்ட ஆய்வில் ரெட்வாலை விட்மோர் வாஷ், தண்டர் ஸ்பிரிங்ஸ், மூனி ஃபால்ஸ், ஹார்ஸ்ஷூ மேசா என நான்கு உறுப்புகளாகப் பிரித்து, கடல் இருமுறை முன்னேறி இருமுறை பின்வாங்கிய கதையாக அதை வாசித்தார்கள். தண்டர் ஸ்பிரிங்ஸுக்கும் மூனி ஃபால்ஸுக்கும் நடுவே ஒரு சிறிய இடைவெளி உண்டு. ஆனால் அதைவிடச் சிறிய, பெயரிடப்படாத இடைவெளிகளே எண்ணிக்கையில் அதிகம். அதற்குப் பாறையைக்கூடப் பார்க்க வேண்டியதில்லை, கணக்கே காட்டிக்கொடுக்கும்.

இன்றைய பவளத்திட்டும் ஆழமற்ற சுண்ணாம்புக் கடல்தளமும் ஆயிரம் ஆண்டுக்கு ஒரு மீட்டர் அளவில் எளிதாக வளரக்கூடியவை; பவளத்திட்டு இதையும் விஞ்சும். பஹாமாஸின் ஆண்ட்ரோஸ் தீவில் 1940-களில் தோண்டிய எண்ணெய்த் துரப்பணக் கிணறு ஏறத்தாழ 4.4 கிலோமீட்டர் இறங்கியும் டைனோசர்கள் வாழ்ந்த கடைசிக் காலமான கிரீட்டேசியஸின் முற்பகுதியைச் சேர்ந்த கார்பனேட்டிலேயே முடிந்தது. அதாவது பத்துக் கோடிக்கும் மேற்பட்ட ஆண்டுகளில் 4.4 கிலோமீட்டர். ஆயிரம் ஆண்டுக்கு ஒரு மீட்டர் வீதம் இடைவிடாமல் வளர்ந்திருந்தால் அங்கே நூறு கிலோமீட்டருக்கு மேல் சுண்ணாம்புக்கல் இருந்திருக்க வேண்டும். இன்றைய வேகத்தை அளவுகோலாகக் கொண்டால், அந்தத் தடிமன் முழுவதும் படிவதற்கு மொத்தக் காலத்தில் நூற்றில் நான்கு பங்கே போதும்.

மீதிக் காலம் எங்கே போனது? சுண்ணாம்பை ஆக்கும் உயிர்களுக்கு ஒளி தேவை. ஆகவே அவை ஆழமற்ற நீரில் வேகமாக வளர்ந்து, கடல்மட்டத்தைத் தொட்டதும் நின்றுவிடுகின்றன. அதற்குமேல் படிய இடமில்லை. கடல்தளம் சிறிது அமிழ்ந்தால்தான் அல்லது கடல்மட்டம் உயர்ந்தால்தான் அடுத்த அடுக்கு. அமிழ்வின் வேகமோ வளர்ச்சியின் வேகத்தை விட மிகக் குறைவு. கடல்மட்டம் தாழ்ந்தால் படிவு நிற்பதோடு கரைதலும் தொடங்கிவிடுகிறது. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றைக்கு விட 120 மீட்டர் தாழ்ந்திருந்தபோது பெரும் பஹாமா திட்டு முழுவதும் வறண்ட சுண்ணாம்பு மேட்டுநிலமாக நின்றது. சஹாராவிலிருந்து காற்று கொண்டுவந்த தூசியால் அங்கே செம்மண் படலம் உருவானது. கடந்த சில ஆயிரம் ஆண்டுகளில் படிந்த சில மீட்டர்ச் சேறும் மணலும் அந்தப் பழைய மேற்பரப்பின் மேல்தான் கிடக்கின்றன. நாம் வாழும் இந்தக் காலத்திலேயே ஓர் இடைவெளி மூடப்பட்டுக்கொண்டிருக்கிறது.

புவியியலாளர் ஜோசப் பேரல் 1917-லேயே படிவு என்பது இடைவிடாத மழையைப் போன்றதன்று, நின்று நின்று நிகழ்வது என்று வாதிட்டார். பீட்டர் சாட்லர் 1981-இல் ஏறத்தாழ 25,000 படிவு வேக அளவீடுகளைத் திரட்டி அதையே எண்களில் நிறுவினார். அளக்கும் கால அளவு நீள நீள, கணக்கில் வரும் படிவு வேகம் குறைந்துகொண்டே போகிறது. ஏனெனில் நீண்ட காலத்துக்குள் நீண்ட இடைவெளிகளும் அகப்பட்டுக்கொள்கின்றன. தடிமனை வேகத்தால் வகுத்து வயது சொல்லும் பழக்கம் இன்னும் சில பாடநூல்களில் நீடிப்பது வருந்தத்தக்கது.

செங்கால்நாரை எழுதியது:

அலைவாய் அவர்கள் கூறியது ஆழமற்ற கடலின் கார்பனேட்டுகளுக்குச் சரி. ஆனால் "பாறைப் பதிவில் பதிவைவிட இடைவெளியே மிகுதி" என்ற தொனி எல்லாச் சுண்ணாம்புக்கற்களுக்கும் பரவிவிடக் கூடாது. புவியியலாளர் டெரிக் ஏகர் 1970-களில் இக்கருத்தைக் கூர்மையாக முன்வைத்ததிலிருந்து பலர் அதை மந்திரம்போல் ஓதுகிறார்கள்.

இத்தாலியின் குப்பியோ நகரத்துக்கு அருகிலுள்ள ஸ்காலியா ரோஸ்ஸா என்னும் சிவந்த சுண்ணாம்புக்கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஆழ்கடலில், மிதவையுயிர்களின் நுண்ணிய ஓடுகள் பத்து இலட்சம் ஆண்டுக்கு ஏறத்தாழ பத்து மீட்டர் என்ற மந்தமான வேகத்தில் படிந்து உருவானது அது. பூமியின் காந்தப்புலம் அவ்வப்போது வடக்கு தெற்காகப் புரள்வதுண்டு; 1977-இல் அங்கே அளக்கப்பட்ட அந்தக் காந்தத் திசை மாற்றங்களின் வரிசை, கடலடித் தரையில் பதிந்துள்ள காந்தப் பட்டைகளின் வரிசையோடு ஒத்துப்போனது. பெரிய இடைவெளி இருந்திருந்தால் அந்த வரிசையில் சில பட்டைகள் விடுபட்டிருக்கும். கிரீட்டேசியஸ் முடிவைக் குறிக்கும் களிமண் அங்கே ஒரு சென்டிமீட்டர் அளவே இருந்தும், அதில் விண்கற்களில் மிகுந்து காணப்படும் உலோகமான இரிடியம் மிகுந்திருப்பதை லூயி ஆல்வாரஸ், வால்டர் ஆல்வாரஸ் குழுவினர் 1980-இல் வெளியிட முடிந்தது. ஒரு விண்கல் மோதலின் தூசியைத் தக்கவைத்த படிவை ஓட்டைகள் நிறைந்தது என்று எப்படி அழைப்பது?

நெய்தல்நிலா எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன், ஆனால் ஆழமான நீர் மட்டுமே உறுதிமொழி ஆகாது. அதே இத்தாலியின் வடபகுதியில், வெரோனா நகரைச் சுற்றியுள்ள ஜுராசிக் காலத்து ரோஸ்ஸோ அம்மோனிட்டிக்கோ இருக்கிறது. கடலுக்கடியில் அமிழ்ந்துபோன ஒரு மேட்டின் தலையில் படிந்தது அது. ஜுராசிக் காலத்தின் இரண்டு கோடிக்கும் மேற்பட்ட ஆண்டுகள் அங்கே சில பத்து மீட்டருக்குள் சுருங்கிக் கிடக்கின்றன. அம்மோனைட் என்னும் அழிந்துபோன கடலுயிர்களின் சுருள் ஓடுகளின் மேற்பக்கம் அரிக்கப்பட்டும் கீழ்ப்பக்கம் முழுமையாகவும் இருப்பதை அந்த மார்பிள் பலகைகளில் வெறுங்கண்ணாலேயே காணலாம். நீரோட்டம் சேற்றை வாரிச்செல்ல, ஓடுகள் மூடப்படாமல் கடலடியிலேயே நெடுங்காலம் கிடந்ததன் விளைவு அது. இங்கே கடல் ஒருபோதும் விலகவில்லை. ஆயினும் காலம் விடுபட்டிருக்கிறது.

ஆகவே இடைவெளியைக் கண்டால் அது கடலுக்கு மேலா, கடலுக்குள்ளா என்பதே என் முதல் கேள்வியாக இருக்கும். கடலுக்குள் படிவு நின்றால், மேற்பரப்புச் சேறு சுண்ணாம்புக் கனிமமான கால்சைட்டால் கட்டுண்டு கல்லாகவே இறுகிவிடும். அந்த இறுகிய கடல்தளத்தைத் துளைக்கும் உயிர்கள் துளைக்கும். சிப்பிகளும், கூட்டமாக ஒட்டிவாழும் நுண்ணுயிரிகளான பிரையோசோவாக்களும் அதில் ஒட்டிக்கொள்ளும். இரும்பும் மாங்கனீசும் பாஸ்பேட்டும் கருமையான தோலாகப் படியும். துளைகள் ஓடுகளையும் மணிகளையும் ஊடறுத்து நேராகச் செல்கின்றனவா என்று பாருங்கள்; சென்றால், துளைத்தபோதே அது கல் என்று பொருள். நிலமாகத் தலைகாட்டிய மேற்பரப்பில் வேர்த் தடங்கள், உடைந்த கருங்கூழாங்கற்கள், செம்மண் நிரம்பிய குழிகள், நீர்த்துளி தொங்கிய வடிவில் வளர்ந்த கால்சைட் ஆகியவை இருக்கும். எதுவும் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் வேதியியல் உதவும். மண்ணில் தாவரங்கள் அழுகி வெளிவிடும் கரியமில வாயுவில் கார்பன்-13 குறைவு. அந்த நீர் ஊறிய சுண்ணாம்புக்கல்லிலும் மேற்பரப்பை நெருங்க நெருங்க அது குறையும். 1982-இல் ஆலனும் மேத்யூஸும் எடுத்துக்காட்டிய இந்த முறை இன்றும் கைகொடுக்கிறது. ஒரு எச்சரிக்கை: நிலத்தில் செடிகொடி பரவுவதற்கு முந்திய கேம்பிரியன் போன்ற காலங்களில் இந்தத் தடயம் மங்கலாகவே இருக்கும் என்பதால், மூவாவின் மேற்பரப்பில் அதை எதிர்பார்த்து ஏமாறக் கூடாது.

ஐயப்பாடு எழுதியது:

அப்படியானால் இன்னொரு பக்கம் கேட்கிறேன். ஆல்ப்ஸ் மலையின் டிரையாசிக் சுண்ணாம்புக்கற்களில் ஒரே மாதிரியான அடுக்குகள் நூற்றுக்கணக்கில் திரும்பத் திரும்ப வருவதையும், அவற்றைப் பூமியின் சுற்றுப்பாதை மாற்றங்களோடு இணைத்து ஆண்டுக் கணக்குப் போடுவதையும் படித்திருக்கிறேன். இடைவெளிகள் இவ்வளவு மலிந்திருக்கும்போது அந்தக் கணக்கை எப்படி நம்புவது?

அலைவாய் எழுதியது:

தாங்கள் தொட்டிருப்பது இத்துறையின் மிகச் சூடான வழக்குகளில் ஒன்று. வட இத்தாலியின் டோலமைட் மலைகளிலுள்ள லாட்டமார் ஒரு நடு டிரையாசிக் காலத்துக் கார்பனேட் மேடை, அதாவது ஆழமற்ற கடலில் சுண்ணாம்பு படிந்து எழுந்த தட்டையான மேடு. வயது ஏறத்தாழ 24 கோடி ஆண்டுகள். அதன் உட்பகுதியில் சராசரி ஒரு மீட்டருக்கும் குறைவான சுழல் அடுக்குகள் ஏறத்தாழ 600 உள்ளன. ஒவ்வொன்றும் ஆழமற்ற கடலில் தொடங்கி வெளிப்பட்ட மேற்பரப்பில் முடிகிறது. கோல்டுஹாமர், டன், ஹார்டி ஆகியோர் 1987-இல், இவை ஐந்தைந்தாகக் கொத்தாக அமைகின்றன என்பதைக் காட்டி, ஒவ்வொரு அடுக்கும் ஏறத்தாழ 20,000 ஆண்டுக்கு ஒருமுறை பூமியின் அச்சு தள்ளாடும் சுழற்சி, ஒவ்வொரு கொத்தும் 1,00,000 ஆண்டு சுற்றுப்பாதை நீள்வட்ட மாற்றம் என்றனர். அழகான வாதம் அது. பெருக்கினால் 1.2 கோடி ஆண்டுகள் வருகின்றன.

பிறகு பக்கத்து ஆழ்கடல் படிவுகளிலுள்ள எரிமலைச் சாம்பல் அடுக்குகளின் சிர்க்கான் படிகங்களை, யுரேனியம் சிதைந்து ஈயமாகும் வேகத்தைக் கொண்டு வயது காணும் யுரேனியம்–ஈயம் முறையில் பீட்டர் பிராக், ரோலண்ட் முண்டில் ஆகியோரின் குழு காலக்கணிப்புச் செய்தது. 1996-இல் வெளிவந்த முடிவின்படி, மேடை வளர்ந்த காலம் முழுவதும் சில பத்து இலட்சம் ஆண்டுகளைத் தாண்டவில்லை. 2004-இல் வெளியான காந்தத் திசை ஆய்வும் விரைவான வளர்ச்சியின் பக்கமே நின்றது. அப்படியானால் ஓர் அடுக்குக்குச் சில ஆயிரம் ஆண்டுகளே கிடைக்கும்.

இந்த வழக்கில் நம் தலைப்போடு தொடர்புடைய ஒரு நுட்பம் உண்டு. பலர் இதைக் கவனிப்பதில்லை. சுழற்சிக் கணக்கு தவறும்போது "சில துடிப்புகள் பதிவாகவில்லை" என்று இடைவெளியின்மேல் பழியைப் போடுவது வழக்கம். கடல்மட்டம் மிகத் தாழ்ந்திருந்த காலத்தில் மேடையின் தலை நனையாமலேயே சில சுழற்சிகள் கடந்துபோகும் என்பது உண்மைதான். ஆனால் லாட்டமாரில் அந்தச் சாக்கு எதிர்த்திசையில் வேலை செய்கிறது. விடுபட்ட துடிப்புகளைச் சேர்த்தால் 1.2 கோடி இன்னும் பெருகுமே தவிரக் குறையாது. இடைவெளியைக் கொண்டு எதையும் விளக்கிவிடலாம் என்று எண்ணுவோர் இதைப் படிக்க வேண்டும். என் சொந்தச் சாய்வு சிர்க்கான் பக்கமே. கொத்தின் எண்ணிக்கையில் காணும் ஒழுங்கைவிடப் படிகத்தின் கடிகாரம் நம்பகமானது.

பாறைத்தச்சன் எழுதியது:

ஆஸ்திரியாவின் டாக்ஸ்டைன் சுண்ணாம்புக்கல்லையும் இங்கே குறிப்பிட வேண்டும். ஆல்பிரட் ஃபிஷர் 1964-இல் அதன் சுழல் அடுக்கு ஒவ்வொன்றிலும் மூன்று உறுப்புகளைக் கண்டார். கடலடியில் பெரிய மெகலோடான் சிப்பிகளோடு படிந்த தடித்த பகுதி, ஓதச் சமவெளியில் பாசிப்படலங்கள் படிந்த மெல்லிய பகுதி ஆகிய இரண்டும் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். மூன்றாவது, கரைந்த குழிகளில் எஞ்சிய சிவப்பு அல்லது பச்சைக் களிமண். அது பல இடங்களில் ஒரு விரற்கடை அளவுகூட இல்லை. ஆனால் காலத்தில் பெரும்பங்கு அதற்குத்தான் போயிருக்கலாம். அந்தக் களிமண் உண்மையில் நிலமாக வெளிப்பட்டதன் எச்சம்தானா என்று பின்னால் வந்தவர்கள் கேள்வி எழுப்பினர்; எல்லா அடுக்குகளுக்கும் ஒரே விளக்கம் செல்லாது என்பதில் நானும் அவர்களோடு உடன்படுகிறேன்.

இதோடு ஸ்டைலோலைட்டுகளையும் மறக்கக் கூடாது. மார்பிள் தரைகளில் காணும் கூரான, மேலும் கீழும் ஒடிந்து செல்லும் கருங்கோடுகள் அவை. புதைந்த பின், மேலழுத்தத்தால் பாறை அந்தக் கோட்டில் கரைந்து போயிருக்கும். கரையாத களிமண் மட்டும் கருமையாகத் தங்கியிருக்கும். அங்கே படிவு நிற்கவில்லை. படிந்த பாறைதான் பிறகு காணாமற்போயிற்று. களத்தில் இதைப் படிவு நின்ற மேற்பரப்பென்று பதிந்துவிடும் மாணவர்கள் அதிகம்.

தாழைமேடு எழுதியது:

அனைவருக்கும் நன்றி. இரண்டு கேள்விகள் எஞ்சியுள்ளன. அரியலூர்ச் சுண்ணாம்புக்கற்களில் இத்தகையவை உண்டா? அடுத்து, மூவாவ்–ரெட்வால் வரிசையை வரைபடமாக்கும்போது இந்த இடைவெளியை எப்படிக் காட்டுவது?

செங்கால்நாரை எழுதியது:

அரியலூரில் உண்டு. சிமென்ட் ஆலைகள் தோண்டும் கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல் கிரீட்டேசியஸின் கடைசிக் கட்டமான மாஸ்ட்ரிக்டியன் காலத்தது. அதன் அடியில் உருள்கற்கள் செறிந்த படிவு இருப்பதே கீழ்ப்பாறை அரிக்கப்பட்டதன் அடையாளம். அதிலுள்ள கிரைஃபியா சிப்பிகள் பலவற்றின்மேல் பிரையோசோவா ஒட்டிக்கொண்டிருப்பதால், அவை உடனே புதையாமல் கடலடியில் திறந்து கிடந்தன என்று கொள்ளலாம். அதற்கு மேலே கடல் பின்வாங்கி, டைனோசர் எலும்புகள் கிடைக்கும் கல்லமேடு ஆற்றுப்படிவு வருகிறது. அதன் மேல், கிரீட்டேசியஸுக்கு அடுத்து வந்த டேனியன் காலத்து நினியூர்ச் சுண்ணாம்புக்கல். ஆகவே குப்பியோவில் காண்பதுபோல் கிரீட்டேசியஸ் எல்லையைக் கடல் சுண்ணாம்பிலேயே இடையறாமல் தொடர்வது அங்கே கடினம்.

அலைவாய் எழுதியது:

வரைபடம் பற்றி: நிலைக்குத்து அச்சில் தடிமனை வைக்காமல் காலத்தை வையுங்கள். ஹாரி வீலர் 1958-இல் முன்வைத்த முறை இது. அப்போது 50 கோடிக்கும் 34 கோடிக்கும் இடைப்பட்ட பகுதி பெரும்பாலும் வெற்றிடமாகவே வரும்; அதைக் கோடிட்டு நிரப்புவது வழக்கம். அந்த வெற்றிடத்தின் நடுவே, ஏறத்தாழ 38 கோடி ஆண்டு அளவில் டெம்பிள் பியூட்டைக் கிழக்கில் அறுந்த துண்டுகளாகவும் மேற்கில் தொடர்ந்த பட்டையாகவும் வரையுங்கள். தடிமன் வரைபடத்தைத் தனியாக, பக்கத்திலேயே வையுங்கள்; அதில் டெம்பிள் பியூட்டின் அடிக்கோட்டை நேர்கோடாக இழுக்காமல், கால்வாய்களின் வளைவோடு மூவாவுக்குள் இறக்கிக் காட்ட வேண்டும்.